ஒரு செருப்பைத் தேடினால் போகுமிடமெல்லாம் செருப்பு விளம்பரம்: 'அக்செப்ட் ஆல்' அழுத்தும்போது என்ன நடக்கிறது?

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். காலில் சின்னதாக ஒரு புண். 'எம்சிஆர் செருப்பு வாங்கிக் கொடுங்க' என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறார். அன்று இரவே மகள் மொபைலை எடுத்து, ஒரு ஷாப்பிங் தளத்தில் நாலைந்து செருப்புகளைப் பார்க்கிறார். விலை ஒத்துவரவில்லை. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று மூடிவிடுகிறார்.

மறுநாள் காலையில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனால், ஓரத்தில் அதே செருப்பு. சமையல் குறிப்பு தேடினால் அங்கேயும் அதே செருப்பு. ரெண்டு நாள் கழித்து சர்க்கரை அளவு பார்க்கும் கருவி, சர்க்கரை சேர்க்காத பிஸ்கட், மருத்துவக் காப்பீடு என்று வரிசையாக விளம்பரங்கள். 'நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லையே, இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?' என்று அவர் திகைக்கிறார்.

இது ஓர் உதாரணக் காட்சிதான். ஆனால் ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் பலருக்கும் இந்தத் திகைப்பு பழக்கமானதே. இதற்கான விடை, நாம் படிக்காமலேயே 'அக்செப்ட் ஆல்' என்று அழுத்திவிட்டுக் கடந்துபோகும் அந்தச் சின்னப் பெட்டியில் இருக்கிறது. 'இந்தத் தளம் குக்கீகளைப் பயன்படுத்துகிறது' என்று சொல்லும் பெட்டி அது.

குக்கீ என்றால் என்ன? அது எப்படி நம்மைப் பின்தொடர்கிறது? நாம் என்ன செய்யலாம்? விரிவாகப் பார்ப்போம்.

குக்கீ என்றால் என்ன?

கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கொடுத்தால் ஒரு டோக்கன் தருவார்கள். அங்கிருப்பவருக்கு உங்கள் பெயர், ஊர் எதுவும் தெரியாது. திரும்பி வந்து டோக்கனை நீட்டினால் சரியான செருப்பை எடுத்துக் கொடுப்பார்.

குக்கீ என்பது அப்படியொரு டோக்கன்தான். ஒரு இணையதளத்துக்குப் போகும்போது, அந்தத் தளத்தின் சர்வர் உங்கள் பிரவுசரிடம் ஒரு சின்ன எழுத்துத் துணுக்கைக் கொடுத்து வைக்கச் சொல்கிறது. பெரும்பாலும் அதில் இருப்பது ஒரு நீளமான எண் மட்டும்தான். அதிகபட்ச அளவே சுமார் 4 கிலோபைட். அடுத்த முறை அதே தளத்துக்குப் போனால், பிரவுசர் அந்த டோக்கனைத் தானாகவே திருப்பிக் காட்டும். 'ஓ, நேத்து வந்தவர்தான்' என்று தளம் புரிந்துகொள்ளும்.

இது இல்லையென்றால் இணையம் படுத்தி எடுத்துவிடும். மெயிலில் லாகின் செய்துவிட்டு அடுத்த பக்கம் போனால் மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கும். ஷாப்பிங் தளத்தில் கூடையில் போட்ட பொருள், பக்கம் மாறியதும் காணாமல் போகும். ஏனென்றால் இணையதளங்களுக்கு இயல்பாக ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் உங்களைப் புது ஆளாகத்தான் பார்க்கும்.

குக்கீ ஒரு வைரஸ் அல்ல. அது இயங்கும் மென்பொருளும் அல்ல. உங்கள் போட்டோக்களையோ, காண்டாக்ட் பட்டியலையோ அதனால் திறந்து பார்க்க முடியாது. பிரவுசரை மூடியதும் அழிந்துபோகும் குக்கீகளும் உண்டு, மாதக்கணக்கில் தங்கும் குக்கீகளும் உண்டு. குரோம் பிரவுசர் ஒரு குக்கீக்கு அதிகபட்சமாக 400 நாள் ஆயுள் தருகிறது.

அப்படியானால் பிரச்னை எங்கே தொடங்குகிறது?

பின்தொடரக் கூடாது என்றுதான் உருவாக்கினார்கள்

1994-ம் ஆண்டு. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மோன்டுல்லி என்ற பொறியாளர்தான் குக்கீயை உருவாக்கினார். ஆன்லைன் கடைக்கு ஒரு ஷாப்பிங் கூடை வேண்டும் என்பதே அப்போதிருந்த தேவை. கணினித் துறையில் ஏற்கெனவே புழங்கிவந்த 'மேஜிக் குக்கீ' என்ற பெயரிலிருந்து இந்தப் பெயர் வந்தது.

ஒவ்வொரு பிரவுசருக்கும் ஒரு நிரந்தர அடையாள எண் கொடுத்துவிட்டால் வேலை சுலபம். ஆனால், அப்படிச் செய்தால் எல்லா இணையதளங்களும் ஒரே எண்ணை வைத்து ஒருவரைப் பின்தொடர முடியும் என்பதால் அந்த யோசனை கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக, ஒரு தளம் கொடுத்த டோக்கனை அந்தத் தளம் மட்டுமே படிக்க முடியும் என்று விதி வைத்தார்கள். மீனாட்சியம்மன் கோயிலில் தந்த டோக்கன் திருப்பரங்குன்றத்தில் செல்லாது அல்லவா, அதுபோல.

விதி நல்ல விதிதான். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது.

ஒரே ஆள், எல்லா வாசலிலும்

நீங்கள் திறக்கும் ஒரு இணையப் பக்கம் முழுவதும் அந்தத் தளத்திலிருந்தே வருவதில்லை. விளம்பரம் ஒரு நிறுவனத்திலிருந்து வரும், வீடியோ இன்னொரு இடத்திலிருந்து வரும், 'லைக்' பட்டன் வேறொரு நிறுவனத்துடையது. ஒவ்வொன்றையும் கொண்டுவர உங்கள் பிரவுசர் அந்தந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அப்படிப் போகும்போது அந்த நிறுவனங்களும் தங்கள் டோக்கனைக் கொடுத்துவிடலாம். இவைதான் 'தேர்ட் பார்ட்டி குக்கீ', அதாவது மூன்றாம் தரப்புக் குக்கீகள்.

இப்போது செருப்பு விடும் இடத்துக்கே திரும்புவோம். ஊரில் உள்ள எல்லாக் கோயில்களிலும், ஆஸ்பத்திரியிலும், நூலகத்திலும் செருப்பு காக்கும் குத்தகையை ஒரே ஆள் எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எல்லா இடத்திலும் உங்களுக்கு ஒரே டோக்கன். இப்போது அவருக்கு உங்கள் பெயர் தெரியாவிட்டாலும், '4512-ம் நம்பர் ஆள் காலையில் கோயிலுக்குப் போனார், மதியம் சர்க்கரை நோய் டாக்டரைப் பார்த்தார், மாலையில் நூலகம் போனார்' என்று நோட்டில் எழுதிவிட முடியும்.

விதி மீறப்படவில்லை. அவர் கொடுத்த டோக்கனை அவர்தான் படிக்கிறார். ஆனால், அவர் எல்லா வாசலிலும் நிற்கிறார்.

செருப்பு விளம்பரம் மகளைத் துரத்தியது இப்படித்தான். ஷாப்பிங் தளத்தில் ஒரு விளம்பர நிறுவனத்தின் சின்னத் துணுக்கு இருந்தது. அது ஒரு எண்ணைக் கொடுத்து, 'இந்த எண் சர்க்கரை நோயாளிகளுக்கான செருப்பைப் பார்த்தது' என்று குறித்துக்கொண்டது. கிரிக்கெட் தளத்திலும் அதே நிறுவனத்தின் துணுக்கு இருந்தது. பிரவுசர் அதே எண்ணைக் காட்டியது. பக்கம் திறக்கும் அந்தக் கண நேரத்துக்குள் பின்னணியில் ஓர் ஏலமே நடக்கும். 'இந்த எண்ணுக்கு விளம்பரம் காட்ட யார் எவ்வளவு தருவீங்க?' என்று கேட்கப்படும். அதிக விலை சொன்னவரின் விளம்பரம் திரையில் வரும். இதெல்லாம் கணினிகளுக்குள்ளேயே, ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் முடிந்துவிடுகிறது.

இதில் எவ்வளவு பணம் புரள்கிறது என்பதற்கு ஒரு உதாரணம்: இந்த வகை விளம்பரத் தொழிலில் முன்னோடியான டபுள்கிளிக் நிறுவனத்தை கூகுள் 310 கோடி டாலருக்கு வாங்கியது. 2007-ல் அறிவிக்கப்பட்ட அந்த ஒப்பந்தம் 2008-ல் நிறைவேறியது. இலவசமாகக் கிடைக்கும் பல சேவைகளும், செய்தித் தளங்களும் விளம்பர வருமானத்தில்தான் ஓடுகின்றன என்பதும் உண்மை.

குக்கீயை அழித்துவிட்டால் தப்பிவிடலாமா?

முழுவதுமாக முடியாது. குக்கீ இல்லாமலும் பின்தொடர வேறு வழிகள் இருக்கின்றன.

பிக்சல்: ஒரு புள்ளி அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத படம். பக்கத்திலோ மெயிலிலோ அதை வைத்துவிடுவார்கள். அந்தப் படத்தைக் கொண்டுவர உங்கள் பிரவுசர் போகும்போதே, 'இவர் இந்தப் பக்கத்தைத் திறந்தார்' என்ற தகவல் போய்விடும். இன்று பிக்சல் என்று சொல்லப்படுபவை பலவும் உண்மையில் சின்ன மென்பொருள் துணுக்குகள். எந்தப் பட்டனை அழுத்தினீர்கள், எந்தப் பொருளைக் கூடையில் போட்டீர்கள் என்பதையும் அவை சொல்லிவிடும்.

இணைப்பில் ஒட்டிய எண்: ஃபேஸ்புக்கிலிருந்து ஒரு லிங்கை அழுத்தினால், முகவரியின் கடைசியில் நீளமாக, அர்த்தமே இல்லாத எழுத்துகள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். எந்த விளம்பரத்தை, எந்தப் பதிவை அழுத்தி வந்தவர் என்று அடையாளம் காட்டும் சீட்டு அது.

பிரவுசரின் கைரேகை: உங்கள் திரையின் அளவு, மொழி, நேர மண்டலம், எழுத்துருக்கள், போன் மாடல் என்று பல தகவல்களை ஒவ்வொரு தளமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் ரகசியமில்லை. எல்லாவற்றையும் சேர்த்தால் உங்கள் கருவி கூட்டத்தில் தனியாகத் தெரிந்துவிடும். அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், சோதிக்கப்பட்ட பிரவுசர்களில் 83.6 சதவீதம் தனித்து அடையாளம் காணக்கூடியவையாக இருந்தன. குக்கீயை அழிக்கலாம், கைரேகையை அழிப்பது கஷ்டம்.

போனின் விளம்பர எண்: ஆப்களுக்குள் குக்கீக்குப் பதிலாக இந்த எண் வேலை செய்கிறது. 2021 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம், 'இந்த ஆப் உங்களைப் பின்தொடரலாமா?' என்று பயனாளரிடம் கேட்ட பிறகே இதைப் பயன்படுத்தலாம் என்று விதித்தது. அந்த மாற்றத்தால் 2022-ல் தங்களுக்குச் சுமார் 1,000 கோடி டாலர் பாதிப்பு ஏற்படும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா கணித்தது. 'வேண்டாம்' என்று மக்கள் சொல்வதற்கு இருக்கும் விலை அது.

'விளம்பரம்தானே, வந்துட்டுப் போகட்டும்?'

பலர் கேட்கும் நியாயமான கேள்வி இது. செருப்பு விளம்பரத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால், அந்த விளம்பரத்துக்குப் பின்னால் இருக்கும் குறிப்பு செருப்பைப் பற்றியது அல்ல. 'இந்த வீட்டில் ஒரு சர்க்கரை நோயாளி இருக்கிறார்' என்பதே அந்தக் குறிப்பு.

அமெரிக்காவில் நடந்த இரண்டு சம்பவங்கள் இதன் தீவிரத்தைக் காட்டுகின்றன. மருந்துகளுக்குத் தள்ளுபடிக் கூப்பன் தரும் குட்ஆர்எக்ஸ் என்ற நிறுவனம், பயனாளர்களின் மருந்து, நோய் பற்றிய விவரங்களை ஃபேஸ்புக், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்களுக்கு அவர்களுடைய அனுமதி இல்லாமல் அனுப்பியதாக அந்நாட்டின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023 பிப்ரவரியில் குற்றம்சாட்டியது. பிக்சல் போன்ற துணுக்குகள் வழியாகத்தான் அவை போயின. தவறை ஒப்புக்கொள்ளாத அந்த நிறுவனம், 15 லட்சம் டாலர் அபராதம் செலுத்தச் சம்மதித்தது.

அடுத்த மாதமே பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் மனநல ஆலோசனை நிறுவனம் மீது நடவடிக்கை வந்தது. மன அழுத்தத்தில் இருந்தவர்கள், ரகசியம் காக்கப்படும் என்று நம்பிக் கொடுத்த தகவல்கள் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றிடம் பகிரப்பட்டதாகப் புகார். இந்த நிறுவனமும் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர 78 லட்சம் டாலர் கொடுத்தது.

பக்கத்து வீட்டில்கூடச் சொல்லாத விஷயத்தை, யார் என்றே தெரியாத நிறுவனங்கள் தெரிந்துவைத்திருப்பது சரியா என்பதுதான் இங்கே கேள்வி.

இன்காக்னிட்டோவில் போனால் யாருக்கும் தெரியாதா?

இது பரவலான தவறான நம்பிக்கை. இன்காக்னிட்டோ மோடு, உங்கள் போனில் தடயம் இல்லாமல் பார்த்துக்கொள்ளும். ஜன்னலை மூடியதும் அந்த நேரத்தில் சேர்ந்த குக்கீகள் அழிந்துவிடும். போனை வாங்கிப் பார்க்கும் தம்பிக்குத் தெரியாது, அவ்வளவுதான். நீங்கள் போன இணையதளத்துக்கும், இன்டர்நெட் இணைப்பு தரும் நிறுவனத்துக்கும், ஆபீஸ் வைஃபை என்றால் அதை நிர்வகிப்பவருக்கும் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது தெரியக்கூடும்.

இன்காக்னிட்டோவிலும் தங்களைப் பற்றிய தகவல் திரட்டப்பட்டதாக 2020-ல் அமெரிக்காவில் கூகுள் மீது வழக்கு தொடரப்பட்டது. குற்றச்சாட்டை மறுத்துவந்த கூகுள், 2024 ஏப்ரலில் வெளியான சமரச ஒப்பந்தத்தின்படி, அப்படிச் சேர்ந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கச் சம்மதித்தது.

'ரிஜெக்ட்' பட்டன் ஏன் கண்ணில் படுவதில்லை?

'அக்செப்ட் ஆல்' பெரிதாக, நீல நிறத்தில் இருக்கும். மறுப்பதற்கான வழி 'மேலும் அறிய' என்பதற்குள் போய், மூன்று பக்கம் தாண்டி, ஒவ்வொன்றாக அணைக்கும்படி இருக்கும். இது தற்செயல் அல்ல. களைத்துப்போய் 'சரி போ' என்று அழுத்த வைப்பதற்கான வடிவமைப்பு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்குச் சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது. முன்கூட்டியே டிக் அடித்து வைத்த பெட்டி சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஏற்பதற்கு ஒரு கிளிக், மறுப்பதற்குப் பல கிளிக் என்று வைத்திருந்ததற்காக பிரான்ஸின் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும், ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்தது. 2025 செப்டம்பரில் ஷீன் என்ற ஆடை விற்பனை நிறுவனத்துக்கு 15 கோடி யூரோ அபராதம். பயனாளர் பதில் சொல்லும் முன்பே குக்கீகளை வைத்ததும், மறுத்த பிறகும் தொடர்ந்ததும் அதற்கான காரணங்கள்.

பிரவுசர்கள் என்ன செய்கின்றன?

ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச் முதல் மூன்றாம் தரப்புக் குக்கீகளை முழுமையாகத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கீகளையும் தனித்தனிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிறது. ஒரே ஆள் எல்லா வாசலிலும் நின்றாலும், ஒவ்வொரு வாசலிலும் வேறு வேறு டோக்கன்தான் அவர் கைக்குப் போகும்.

குரோம் கதை வேறு. இரண்டு ஆண்டுகளில் மூன்றாம் தரப்புக் குக்கீகளை நீக்கிவிடுவோம் என்று 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. பிறகு தேதி தள்ளிக்கொண்டே போனது. குக்கீ போய்விட்டால் கூகுளுக்கே அதிக ஆதாயம் கிடைக்கும் என்ற கவலையில் பிரிட்டனின் போட்டி ஆணையமும் விசாரித்தது. கடைசியில் 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கூகுள் கைவிட்டது. அதாவது குரோமில் சாதாரணமாக உலாவும்போது, நாமாகப் போய் அணைத்தால் ஒழிய, மூன்றாம் தரப்புக் குக்கீகள் வந்துகொண்டேதான் இருக்கும்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளை நடைமுறைப்படுத்த நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது.

குக்கீக்கென்று தனிப் பிரிவு எதுவும் இந்தச் சட்டத்தில் இல்லை. ஆனால், ஒருவரை அடையாளம் காட்டும் எந்தத் தரவுக்கும் அது பொருந்தும். சம்மதத்தின் அடிப்படையில் தரவைப் பெறும்போது, அந்தச் சம்மதம் சுதந்திரமாக, தெளிவாக, குறிப்பிட்ட நோக்கத்துக்காக மட்டும் பெறப்பட வேண்டும். கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் பின்தொடர்வதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும், சில விதிவிலக்குகள் தவிர, தடை செய்யப்பட்டிருக்கின்றன. மீறல்களுக்கு அதிகபட்சமாக ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கலாம்.

தமிழ் பேசுவோர் கவனிக்க வேண்டிய ஒரு அம்சமும் இதில் உண்டு. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலோ படிக்கும் வசதி தரப்பட வேண்டும் என்கிறது சட்டம். தமிழ் அந்த 22 மொழிகளில் ஒன்று. புரியாத ஆங்கிலத்தில் வரும் பெட்டிக்கு 'ஓகே' சொல்லும் நிலை மாற வேண்டும் என்று கேட்க இனி சட்டப்படியே இடமிருக்கும்.

இப்போதே செய்யக்கூடியவை

குரோமில் 'செட்டிங்ஸ்' போய், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் 'தேர்ட் பார்ட்டி குக்கீஸ்' என்பதைத் தடுத்துவிடலாம். பெரும்பாலான தளங்கள் வழக்கம்போலவே இயங்கும். ஏதாவது ஒரு தளம் முரண்டு பிடித்தால் அதற்கு மட்டும் விலக்கு தரலாம்.

ஆண்ட்ராய்டு போனில் கூகுள் செட்டிங்ஸில் 'ஆட்ஸ்' பகுதிக்குப் போனால் விளம்பர எண்ணை நீக்கும் வசதி இருக்கிறது. ஐபோனில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'க்குள் 'டிராக்கிங்' என்பதை அணைக்கலாம்.

உடல்நலம், கடன், குடும்பப் பிரச்னை போன்ற விஷயங்களைத் தேட ஃபயர்ஃபாக்ஸ் போன்ற தனி பிரவுசரை வைத்துக்கொள்ளலாம். கூகுள், ஃபேஸ்புக் கணக்குகளில் லாகின் செய்யாமல் தேடுவது இன்னும் நல்லது. லாகின் செய்துவிட்டால் டோக்கனே தேவையில்லை. பெயரே தெரிந்துவிடும்.

அவ்வப்போது குக்கீகளை அழிக்கலாம். லாகின்கள் எல்லாம் போய்விடும் என்பதால் பாஸ்வேர்டுகளை நினைவில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கடைசியாக, அந்தப் பெட்டி. 'ரிஜெக்ட் ஆல்' அல்லது 'தேவையானவை மட்டும்' என்று அழுத்தினால் தளம் ஓடாது என்று பலர் பயப்படுகிறார்கள். லாகின், ஷாப்பிங் கூடை போன்றவற்றுக்கான அவசியக் குக்கீகள் அப்போதும் இருக்கும். மற்றவற்றைத்தான் நீங்கள் மறுக்கிறீர்கள். அந்த மகளும் செருப்பைப் பார்த்திருக்கலாம், விலையை ஒப்பிட்டிருக்கலாம், வாங்கியும் இருக்கலாம். அப்பாவின் சர்க்கரை நோய் விவரம் மட்டும் அத்தனை பேரிடம் போயிருக்காது.